பேண்டு மாஸ்டரும் ஆசிரியர்தான்

அமெரிக்காவின் சிகாகோ நகரத் தென்பகுதியில் 2015 ஆகஸ்ட் 17 அன்று 12 பேர் உண்ணாநிலைப் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். பெற்றோர்கள், பேரப்பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பாட்டிகள், அந்தப் பகுதியில் மக்கள் பணி செய்பவர்கள் என்று பெரும்பாலும் கறுப்பின மக்கள். தங்கள் பகுதி அரசுப் பள்ளியை மூடக் கூடாது என்பதுதான் கோரிக்கை. அந்தப் பள்ளியைப் படிப்படியாக மூடிவிடுவது என்று 2012-லேயே நகரக் கல்வி வாரியம் முடிவெடுத்துவிட்டது. புதிய பிள்ளைகளைச் சேர்ப்பது நின்றது. 2015-ல் கடைசி வகுப்பாக வெளியேறியவர்கள் வெறும் 13 பேர். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, அதே நகரத்தில் ஒரே வீச்சில் ஏறக்குறைய 50 அரசுப் பள்ளிகள் மூடப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளில் இருந்தவை.

போராட்டம் 34 நாட்கள் நீடித்தது. இடையில் சிலரை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டியிருந்தது. கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்தது. போராடியவர்கள் கேட்ட பாடத்திட்டம் அப்படியே கிடைக்கவில்லை. ஆனால் பள்ளி பிழைத்தது. 2016-ல் கலைகளுக்கான உயர்நிலைப் பள்ளியாக அது மீண்டும் திறக்கப்பட்டது.

அந்தப் பள்ளியின் பெயர் வால்டர் எச். டையெட் பள்ளி. யார் இந்த டையெட்? அமைச்சரா, படைத்தளபதியா, நிலம் கொடுத்த பெரிய மனிதரா? எவரும் இல்லை. கறுப்பினப் பிள்ளைகள் படித்த ஓர் அரசுப் பள்ளியில் பேண்டு வாத்தியம் கற்றுக்கொடுத்த ஆசிரியர். அவர் 1969-ல் இறந்தார். 1972-ல் அவர் பெயரில் பள்ளி திறக்கப்பட்டது. பேண்டு மாஸ்டரின் பெயர் எழுதிய பலகை அது.

நம் மாவட்டத்தில் எத்தனையோ பள்ளிகளில் பேண்டு குழு இருக்கிறது. பறைக்குழுவும் இப்போது பல பள்ளிகளில் உண்டு. அவற்றைப் பழக்கியவரின் பெயர் எந்தச் சுவரிலாவது, எந்த ஆண்டு மலரிலாவது இருக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். தேடி அலுத்த பிறகு டையெட்டின் கதையைப் படித்தால் அதன் கனம் தெரியும்.

மருத்துவம் படிக்க வந்தவர்

வால்டர் ஹென்றி டையெட் 1901-ல் மிசௌரி மாநிலத்தில் பிறந்தவர். தந்தை கறுப்பினத் திருச்சபையின் போதகர். தாய் பியானோ வாசிப்பவர். பிள்ளை வயலினும் கிளாரினெட்டும் பஸ்ஸூனும் கற்றான். ஆனால் அவனுடைய எண்ணம் மருத்துவப் படிப்பில் இருந்தது. கலிபோர்னியாவில் அதற்கான முன்படிப்பை முடித்தான். உதவித்தொகையோடு சிகாகோவில் ஒரு மருத்துவக் கல்லூரியில் இடமும் கிடைத்தது. குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டிய நிலை வந்தபோது படிப்பை விட வேண்டியதாயிற்று.

முதல் தலைமுறையாகப் படிக்கப் போன நம் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் இப்படி நடுவழியில் திரும்பியிருக்கிறார்கள் என்பதை இந்தப் பத்தியின் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. திரும்பியவர் என்ன ஆனார் என்பதுதான் இங்கே கதை.

பேசாப்படங்கள் ஓடிய காலம் அது. திரைக்கு முன்னால் வாத்தியக் குழு உட்கார்ந்து வாசிக்கும். டையெட் அப்படியொரு திரையரங்குக் குழுவில் வயலின் வாசித்தார். பிறகு கறுப்பின வீரர்கள் மட்டுமே இருந்த எட்டாம் படைப்பிரிவின் பேண்டு குழுவுக்குத் தலைவரானார். கேப்டன் என்ற பட்டம் அங்கிருந்து வந்தது. 1931-ல் வென்டல் பிலிப்ஸ் உயர்நிலைப் பள்ளியில் இசையாசிரியராகச் சேர்ந்தார். அதே இடத்தில் அவருக்கு முன்பு கற்பித்தவர் மேஜர் என். கிளார்க் ஸ்மித் என்ற இன்னொரு பெரிய பேண்டு ஆசிரியர். சில ஆண்டுகளில் புதிய கட்டடம் எழுந்தது. 1936-ல் அதற்கு டுசேபிள் உயர்நிலைப் பள்ளி என்று பெயர் வைத்தார்கள். சிகாகோவில் முதன்முதலில் நிலையாகக் குடியேறி வணிகம் செய்த கறுப்பினத்தவர் ழான் பாப்டிஸ்ட் பாயின்ட் டுசேபிள். அந்தப் பெயரைச் சூடிய பள்ளியில்தான் டையெட் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தார்.

அந்தப் பகுதியை அப்போது ‘கறுப்பு வளையம்’ என்பார்கள். தென்மாநிலங்களின் பருத்திக் காடுகளிலிருந்தும் கும்பல் கொலைகளிலிருந்தும் தப்பி வந்த லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் நகரத்தின் ஒரு குறுகிய பகுதிக்குள் அடைக்கப்பட்டார்கள். மற்ற தெருக்களில் வீடு வாங்க முடியாது. கறுப்பினத்தவருக்கு விற்க மாட்டோம், வாடகைக்கு விட மாட்டோம் என்று வெள்ளையர்கள் பத்திரத்திலேயே எழுதிவைத்துக்கொண்டார்கள். அந்தப் பத்திர நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்வதற்கு 1948 வரை ஆயிற்று. ஊர் வேறு, சேரி வேறு என்பது நமக்குப் பழகிப்போன நிலவரைபடம். அங்கே அதைப் பத்திரம் போட்டுச் செய்தார்கள். அந்த வளையத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு படித்த பிள்ளைகள்தான் டையெட்டின் மாணவர்கள்.

கண்டிப்பும் கணக்கும்

டையெட் மிகக் கண்டிப்பானவர். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற மாணவர்கள்கூட, முதுமையிலும் அவரை நினைத்தால் முதுகு நிமிர்ந்துவிடும் என்ற தோரணையில்தான் பேசியிருக்கிறார்கள். ஐம்பது பிள்ளைகள் ஒன்றாக வாசிக்கும்போது ஒரே ஒருவர் ஒரு சுரத்தைத் தவறவிட்டாலும் அவர் காதுக்குத் தப்பாது. காது வழியாகக் கேட்டு வாசித்தால் மட்டும் போதாது, எழுதிவைத்த இசைக்குறிப்பைப் பார்த்து வாசிக்கத் தெரிய வேண்டும் என்பார். அதற்குக் காரணம் இருந்தது. குறிப்பு வாசிக்கத் தெரிந்தவர் எந்த ஊரில், எந்தக் குழுவில் போய் உட்கார்ந்தாலும் அன்றைக்கே வேலை பார்க்க முடியும். கறுப்பினத்தவருக்குக் குறிப்பு தெரியாது, ஏதோ ரத்தத்தில் ஊறிய தாளத்தில் அடிப்பார்கள் என்ற ஏளனத்துக்கும் அதுவே பதில்.

அந்த ஏளனம் நமக்குப் புதிதல்ல. பறையடிப்பவரைப் பார்த்து, “உங்களுக்கென்ன, பிறவியிலேயே வந்துவிடுகிறது” என்று சொல்பவர்கள் பாராட்டுவதாகவே நினைத்துக்கொள்கிறார்கள். பல ஆண்டு உழைப்பையும் பயிற்சியையும் சாதியின் கணக்கில் வரவு வைக்கிற வேலை அது. கற்றுக்கொடுத்தவர் ஒருவர் இருக்கிறார் என்பதையே அந்த ஒரு வாக்கியம் மறைத்துவிடுகிறது.

ஜானி கிரிஃபின் என்ற சிறுவன் சாக்சபோன் வாசிக்க ஆசைப்பட்டு டையெட்டிடம் வந்தான். முதலில் கிளாரினெட் கற்றுக்கொள், அப்புறம் பார்க்கலாம் என்று அனுப்பினார் ஆசிரியர். அடிப்படை உறுதியான பிறகுதான் விரும்பிய வாத்தியம் கைக்கு வந்தது. 1945-ல் பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு நாட்டின் பெரிய ஜாஸ் குழுக்களில் ஒன்றான லயனல் ஹாம்ப்டன் குழு அவனை அழைத்துக்கொண்டது. ஜீன் அம்மன்ஸ், வான் ஃப்ரீமேன் ஆகிய சாக்சபோன் கலைஞர்கள், பாடகர் நாட் கிங் கோல், பாடகி டைனா வாஷிங்டன், பியானோ கலைஞர் டோரதி டோனகன் என்று ஜாஸ் இசையின் வரலாற்றை எழுதினால் விட முடியாத பெயர்கள் பலவும் இந்த ஒரே ஆசிரியரைத் தொட்டு வந்தவை. பேஸ் வாத்தியக் கலைஞர் ரிச்சர்ட் டேவிஸ் பின்னாளில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, ஏறக்குறைய 40 ஆண்டுகள் கற்பித்தார். ஆசிரியரிடமிருந்து கலையை மட்டுமல்ல, கற்பிக்கும் தொழிலையும் எடுத்துக்கொண்டு போன மாணவர் அவர்.

வாத்தியம் வாங்கப் பணம்? அதற்கும் டையெட்டே வழி கண்டார். ஆண்டுதோறும் ‘ஹை ஜிங்ஸ்’ என்ற பெயரில் மாணவர்களே ஆடிப் பாடி நடிக்கும் இசை நிகழ்ச்சி ஒன்றை நடத்தினார். நுழைவுச்சீட்டு விற்ற பணத்தில் வாத்தியங்கள் வந்தன, சீருடைகள் வந்தன. மாணவர்களைக் கொண்டு நடன இசைக்குழு ஒன்றையும் அமைத்தார். பிள்ளைகள் வெளியே போய் வாசித்துச் சம்பாதிக்கவும் கற்றார்கள். அன்றைக்குச் சிகாகோவில் இசைக் கலைஞர் சங்கம்கூட நிறத்தால் இரண்டாகப் பிரிந்திருந்தது. வெள்ளையர்களுக்கு ஒரு சங்கம், கறுப்பினத்தவருக்கு 208-ஆம் எண் கொண்ட தனிச் சங்கம். 1966-ல்தான் இரண்டும் இணைந்தன. தன் மாணவர்கள் அந்த உலகத்தில் ஏமாறாமல் பிழைக்க வேண்டும் என்று எண்ணியவர், நேரத்துக்கு வருவதையும் நேர்த்தியாக உடுத்துவதையும் வாத்தியத்தைப் போலவே கண்டிப்போடு பழக்கினார்.

அவரிடம் படித்த எல்லோரும் புகழ் பெறவில்லை. பெரும்பாலானோர் தபால்காரர்களாகவும் ஆசிரியர்களாகவும் தொழிலாளர்களாகவும் வாழ்ந்து முடிந்தார்கள். ஊர் அவரை நினைவில் வைத்திருந்தது நட்சத்திரங்களுக்காக மட்டும் அல்ல. தெருவில் போகும் யாரைக் கேட்டாலும் ‘என் அண்ணன் கேப்டனிடம் படித்தான்’ என்று சொல்லக்கூடிய அளவுக்கு அவர் அந்த மக்களின் வீடுகளுக்குள் இருந்தார். பள்ளிக்கு அவர் பெயர் பொருந்தியது அதனால்தான்.

இரண்டு வாத்தியார்கள்

டையெட் தனி ஆள் அல்ல. கறுப்பின மக்களின் பள்ளிகளில் பேண்டு ஆசிரியர்களுக்கு ஒரு நீண்ட வரிசை உண்டு. இருவரை மட்டும் சொல்கிறேன்.

1913-ல் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் கறுப்பினச் சிறுவர் இல்லத்துக்கு ஒரு பதின்வயதுப் பையனைக் கொண்டுவந்தார்கள். புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் துப்பாக்கியால் வானத்தை நோக்கிச் சுட்டான் என்பது குற்றம். அந்த இல்லத்தின் பேண்டு ஆசிரியர் பீட்டர் டேவிஸ். முதலில் அவர் அந்தப் பையனை நம்பவில்லை. பிறகு கஞ்சிராவைப் போன்ற டாம்பரினைக் கையில் கொடுத்தார். அடுத்து டிரம், அடுத்து பியூகிள், கடைசியில் கார்னெட். குழுவின் தலைவனாகவும் ஆக்கினார். அந்தப் பையன் லூயி ஆம்ஸ்ட்ராங். 1931-ல் புகழோடு ஊர் திரும்பியபோது பழைய இல்லத்துக்குப் போய் ஆசிரியரோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்.

அதே 1913-ல்தான் பாபாசாகேப் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படிக்க நியூயார்க்கில் இறங்கினார். ஒரே நாடு, ஒரே ஆண்டு. ஒடுக்கப்பட்ட இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு விதமான கல்விக்கூடங்கள் கதவு திறந்தன.

இன்னொருவர் வில்லியம் பி. ஃபாஸ்டர். கான்சஸ் பல்கலைக்கழகத்தில் இசை படித்தவர். நிறமுள்ளவர்களுக்கு இசைக்குழு நடத்தும் வேலை கிடையாது என்று அங்கே அவருக்குச் சொல்லப்பட்டது. எனக்கென்று ஒரு குழுவை நானே உண்டாக்குவேன் என்று முடிவெடுத்தார். 1946-ல் ஃப்ளோரிடாவின் கறுப்பினக் கல்லூரியான ஃப்ளோரிடா ஏ அண்டு எம்-முக்குப் போனவர் 1998 வரை அங்கேயே இருந்தார். ‘மார்ச்சிங் 100’ என்று அவர் வளர்த்த அணிவகுப்புக் குழு 1989 ஜூலை 14 அன்று பாரிஸ் நகரில், பிரெஞ்சுப் புரட்சியின் 200-ஆம் ஆண்டு ஊர்வலத்தில் அமெரிக்காவின் சார்பாக நடந்தது. வேலை இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவரின் பிள்ளைகள் நாட்டின் முகமாக நின்றார்கள். அமெரிக்க பேண்டு ஆசிரியர்களின் தலைசிறந்த சங்கத்துக்குப் பின்னாளில் அவரே தலைவரும் ஆனார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் அவர்.

பிடுங்கிய பறையும் திணித்த பறையும்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்டமும் நம் போராட்டமும் ஒன்றையொன்று அறிந்தவை. மகாத்மா ஜோதிராவ் புலே 1873-ல் எழுதிய ‘குலாம்கிரி’ நூலை, அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். 1946-ல் கறுப்பின அறிஞர் டபிள்யூ.இ.பி. டுபாய்ஸுக்கு அம்பேத்கர் கடிதம் எழுதினார். டுபாய்ஸ் பதிலும் எழுதினார். ஆனால் தோல்வாத்திய விஷயத்தில் இரண்டு வரலாறுகளுக்கும் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது.

1739-ல் தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். முழவு கொட்டி மற்ற அடிமைகளை அழைத்துக்கொண்டே நடந்தார்கள். கிளர்ச்சியை நசுக்கிய பிறகு, 1740-ல் போட்ட சட்டத்தில் அடிமைகள் முழவும் கொம்பும் வைத்திருப்பதற்குத் தடை வந்தது. முழவு பேசும் என்று எசமானர்களுக்குத் தெரிந்திருந்தது.

அங்கே முழவைக் கையிலிருந்து பிடுங்கினார்கள். இங்கே பறையைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். தொல்காப்பியம் பறையை ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களில் ஒன்றாக வைக்கிறது. ஏறு தழுவ ஒரு பறை, மீன் பிடிக்க ஒரு பறை, நெல் அரிய ஒரு பறை என்று எல்லா நிலத்து மக்களின் வாழ்விலும் ஒலித்த வாத்தியம் அது. புறநானூற்றின் 335-ஆம் பாட்டில் மாங்குடி கிழார் பறையடிக்கும் குடியைப் பெருமைக்குரிய நான்கு குடிகளில் ஒன்றாக வைத்தார். பிற்காலத்தில் அதே வாத்தியம் ஒரு சாதியின் கட்டாய வேலையாயிற்று. ஊரில் யார் செத்தாலும் போய் அடிக்க வேண்டும். மறுத்தால் அடி, ஊர்விலக்கு. அந்த வாத்தியம் எழுப்பிய ஒலியைத் திருவிழாவுக்கு வைத்துக்கொண்டு, அதை அடித்தவரைத் தீண்டத்தகாதவர் என்றார்கள்.

அதனால்தான் நம் முன்னோடிகள் பலர் பறையைக் கீழே போடச் சொன்னார்கள். அன்றைய தென்னார்க்காட்டில் எல். இளையபெருமாள் நடத்திய போராட்டங்களில், பறையடிப்பது முதலான இழிவேலைகளைச் செய்ய மாட்டோம் என்ற அறிவிப்பு முக்கியமானது. அந்த மறுப்பு இல்லாமல் இன்றைய தலைநிமிர்வு இல்லை. பிறகு வந்த தலைமுறை அதே பறையைக் கலையாக, எதிர்ப்பின் குரலாக மேடையில் ஏற்றியது. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று சிலர் விவாதிக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் தலைமுறை மறுத்தது கட்டாயத்தை. அடுத்த தலைமுறை எடுத்துக்கொண்டது வாத்தியத்தை.

ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒருவர் வேண்டும். கட்டாயமாக வந்ததைக் கல்வியாக மாற்றித் தருகிற ஒருவர். அவர்தான் ஆசிரியர். பள்ளி மைதானத்தில், எல்லாச் சாதிப் பிள்ளைகளும் வட்டமாக நிற்க, அடிக்குச்சியை எப்படிப் பிடிப்பது, சிண்டுக்குச்சியை எப்படிப் பிடிப்பது என்று ஒருவர் சொல்லிக்கொடுக்கும்போது அந்த வாத்தியத்தின் மேல் இருந்த சாதி கழன்று விழத் தொடங்குகிறது. நூறு மேடைப் பேச்சுகளை விட அது பெரிய வேலை.

நம் பள்ளிகளில்

நம் பள்ளிகளின் நிலை என்ன? ஜூலை பிறந்தால் போதும், சுதந்திர தினத்துக்கு பேண்டு தயாராக வேண்டும் என்ற நினைவு வரும். அலமாரியிலிருந்து சைடு டிரம்மும் பேஸ் டிரம்மும் வெளியே வரும். தோல் தளர்ந்திருக்கும், குச்சி தொலைந்திருக்கும். பல ஊர்களில் உடற்கல்வி ஆசிரியரே சமாளித்துக்கொள்வார். முடியாத இடங்களில் பக்கத்து ஊர் பேண்டு செட்டிலிருந்து ஒருவரைக் கூப்பிடுவார்கள். கல்யாணத்துக்கும் சாவுக்கும் கோயில் திருவிழாவுக்கும் வாசித்துப் பிழைப்பவர். நம் பக்கத்து ஊர்களில் அவர் பெரும்பாலும் சேரியைச் சேர்ந்தவராக இருப்பார். தன் வேலையை விட்டுவிட்டு ஒரு மாதம் வந்து பிள்ளைகளைப் பழக்குவார். கொடியேற்றும் நாளில் பிள்ளைகள் மிடுக்காக நடப்பார்கள். சிறப்பு விருந்தினர் கைதட்டுவார். மாஸ்டர் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். மேடையில் அவர் பெயரைச் சொல்ல மாட்டார்கள். கையில் கொடுப்பதற்கும் ‘கூலி’ என்றுதான் பெயர், ஊதியம் என்று யாரும் சொல்வதில்லை.

சம்பளப் பட்டியலில் இருக்கும் இசையாசிரியர்களின் பாடு மட்டும் என்ன? 2012-ல் தமிழக அரசுப் பள்ளிகளில் ஓவியம், இசை, தையல், உடற்கல்வி, கணினி போன்ற பாடங்களுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் நடத்திய போராட்டங்களை இந்த நாளிதழின் வாசகர்கள் நன்றாகவே அறிவார்கள். கணக்கும் அறிவியலும்தான் பாடம், கலை என்பது ஓய்வு நேரத்துக்கு என்ற எண்ணத்தின் விலை அந்த ஊதியம்.

2022-23 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. கிராமத்துப் பிள்ளைகள் மாவட்ட மேடையும் மாநில மேடையும் ஏறுகிறார்கள். மனமார வரவேற்க வேண்டிய முயற்சி. பறையடித்துப் பரிசு வாங்கும் பிள்ளைகளைப் பார்க்கிறோம், பெண் பிள்ளைகளும் பறை எடுக்கிறார்கள். பரிசு வாங்கும் பிள்ளைக்குப் பின்னால் ஒரு கலைஞர் இருக்கிறார். சான்றிதழில் மாணவர் பெயர் இருக்கும், பள்ளியின் பெயர் இருக்கும். பழக்கியவரின் பெயருக்கும் அதில் ஒரு வரி வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். பள்ளியில் பறைக்குழு அமைக்கிறோம் என்று சொல்லி, சேரிப் பிள்ளைகளை மட்டும் வரிசையில் நிறுத்தினால் அது கலைக் கல்வி அல்ல. பழைய ஏற்பாட்டுக்குப் புதிய சீருடை. “எங்கப்பன் தூக்கினது போதாதா, எம்புள்ளையும் தூக்கணுமா?” என்று ஒரு தாய் கேட்டால் அந்தக் கேள்விக்கு முன்னால் தலைமையாசிரியர் தலை குனியத்தான் வேண்டும். எல்லாத் தெருப் பிள்ளைகளும் பறை எடுக்கட்டும். அதே போல கிளாரினெட்டும் டிரம்பெட்டும் கீபோர்டும் வயலினும் சேரிப் பிள்ளைகளின் கைக்கு வரட்டும். எந்தப் பிள்ளைக்கு எந்த வாத்தியம் என்பதைப் பிறப்பு முடிவுசெய்யக் கூடாது. டையெட்டின் வகுப்பில் நடந்தது அதுதான். சேரிக்குள் அடைக்கப்பட்ட பிள்ளைக்கு உலகத்தின் எல்லா வாத்தியங்களும் திறந்திருந்தன.

ஆசான் என்ற சொல்

2025 குடியரசு நாளையொட்டி அறிவிக்கப்பட்ட பத்மஸ்ரீ விருதுப் பட்டியலில் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசான் பெயர் இருந்தது. அந்தச் செய்தி வந்தபோது நம் மக்கள் கொண்டாடியதில் நியாயம் இருக்கிறது. பறைக்கு நாட்டின் விருது என்று எல்லோரும் சொன்னோம். அவர் பெயரோடு ஒட்டியிருக்கும் சொல்லையும் கவனிக்க வேண்டும். ‘ஆசான்’. அது அரசாங்கம் கொடுத்த பட்டம் அல்ல. அவரிடம் கற்றுக்கொண்டவர்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டு நிலைத்த பெயர். விருது வருவதற்கு நெடுங்காலம் முன்பே மாணவர்கள் மரியாதை செய்துவிட்டார்கள்.

ஒவ்வொரு வட்டாரத்திலும் இப்படி ஓர் ஆசான் இருக்கிறார். அவர்களை மதிப்பதற்குப் புதிய திட்டம் எதுவும் தேவையில்லை, இருக்கிற கதவுகளைத் திறந்தால் போதும். கலை பண்பாட்டுத் துறையின் மாவட்டக் கலை மன்றங்கள் வயதின் அடிப்படையில் கலை இளமணி, கலை வளர்மணி, கலைச் சுடர்மணி, கலை நன்மணி, கலை முதுமணி என்று ஐந்து விருதுகள் தருகின்றன. நம் மாவட்டத்தில் அவற்றுக்குப் பெயர்களைப் பரிந்துரைக்கும்போது, எத்தனை மேடை ஏறினார் என்று கேட்பதோடு, எத்தனை பிள்ளைகளைப் பழக்கினார் என்றும் கேட்க வேண்டும். செப்டம்பர் 5 அன்று நல்லாசிரியர்களுக்கு டாக்டர் ராதாகிருஷ்ணன் விருது வழங்கும் அரசு, பதிவேட்டில் பெயர் இல்லாத இந்த ஆசிரியர்களுக்கு மாவட்ட அளவில் ஒரு பாராட்டாவது வழங்கலாம்.

அதற்கெல்லாம் முன்னால், பள்ளிகளே செய்யக்கூடியவை சில உண்டு. பேண்டு மாஸ்டரும் பறை ஆசிரியரும் பயிற்சிக்கு வரும்போது ஆசிரியர் அறையில் நாற்காலி கொடுங்கள். அவர்களைப் பிள்ளைகள் பெயர் சொல்லிக் கூப்பிட விடாதீர்கள். ‘சார்’ என்றோ ‘ஆசான்’ என்றோ கூப்பிடப் பழக்குங்கள். ஊதியத்தை முன்கூட்டியே பேசி, பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானத்தில் எழுதி, ரசீதோடு கொடுங்கள். இத்தனை ஆண்டு எங்கள் பள்ளியில் இசை கற்பித்தார் என்று தலைமையாசிரியர் கையெழுத்திட்ட ஒரு சான்று கொடுங்கள். கலைஞர் நல வாரியத்திலோ விருதுக்கோ விண்ணப்பிக்கும் நாளில் அந்தக் காகிதம் உதவும். சுதந்திர தின விழாவின் நிகழ்ச்சி நிரலில் ‘பேண்டு பயிற்சி அளித்தவர்’ என்று ஒரு வரி சேருங்கள். அந்த வரிக்கு ஒரு பைசா செலவில்லை.

நம் சமூகத்து இளைஞர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் ஊர்ப் பள்ளியில் சென்ற தலைமுறைக்கு பேண்டோ பறையோ நாடகமோ பழக்கியவர் யார் என்று அப்பா, அம்மாவிடம் கேளுங்கள். அவர் உயிரோடு இருந்தால் போய்ப் பாருங்கள். எந்த ஆண்டு, எந்தப் பள்ளி, எத்தனை பிள்ளைகள், என்ன வாத்தியம், என்ன கொடுத்தார்கள் என்று அவர் வாயால் கேட்டு எழுதிவையுங்கள், கைபேசியில் பதிவுசெய்யுங்கள். டையெட்டைப் பற்றி இவ்வளவு தெரிவதற்குக் காரணம், அவருடைய மாணவர்கள் போன இடமெல்லாம் அவர் பெயரைச் சொன்னார்கள், கேட்டவர்கள் எழுதிவைத்தார்கள். நம் ஆசான்களைப் பற்றி எழுத வேண்டியவர்கள் நாம்தான்.

கேட்டு எழுதியதை இந்தப் பத்திக்கு அனுப்புங்கள். ஊர்ப் பெயரோடும், அவர் சம்மதித்தால் அவர் பெயரோடும் வெளியிடுவோம்.